வீட்டு மியூசிக் சர்வருக்கு எந்தக் கட்டளைவரிக் கருவிகள் போதும்?

பழைய ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவு லினக்ஸ் கணினி) ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் கட்டளைவரியிலேயே, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்தே, மியூசிக் சர்வர் அமைக்க என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வீரவநல்லூரில் எங்கள் வீட்டில் மூன்று வருடமாக அப்படி ஒன்று ஓடுகிறது.

முதலில் எம்பிடி (MPD), எம்பிசி (mpc). எம்பிடி பின்னணியில் இருந்து பாட்டைப் போடும். எம்பிசி அதற்குக் கட்டளை சொல்லும். இரண்டுமே ஏபிடியில் (apt, மென்பொருள் நிறுவும் கட்டளை) கிடைக்கும். எம்பிடியின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் கவனிக்க வேண்டியது இரண்டு வரிதான்: பாட்டு இருக்கும் ஃபோல்டர், இணைப்பை ஏற்கும் முகவரி. முகவரி லோக்கல்ஹோஸ்ட் (அந்தக் கணினி மட்டும்) என்றே இருந்தால் போனிலிருந்து எம்பிடியின் 6600 போர்ட்டைத் தொட முடியாது. இன்னொன்று, எம்பிடி தனிப் பயனராக ஓடும். உங்கள் ஃபோல்டரைப் படிக்க அந்தப் பயனருக்கு அனுமதி இல்லையென்றால், பாட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும் எம்பிசி அப்டேட் கட்டளையை எத்தனை தடவை கொடுத்தாலும் பட்டியல் காலியாகவே இருக்கும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது.

எம்பிடி பாடுவது ராஸ்பெரி பையோடு இணைத்த ஸ்பீக்கரில். அவரவர் போனில் கேட்க வேண்டுமா, நேவிட்ரோம் (Navidrome) என்ற சர்வரைப் போடுங்கள். பிரவுசரில் அதன் போர்ட் 4533. சர்வர் வேலை இவ்வளவுதான், ஒரு சாயங்காலம் போதும்.

நாள் கணக்கில் வேலை வாங்கியது கேசட்டுகள். சித்தப்பா ஊர்க் கொடையில் (கோயில் திருவிழாவில்) உட்கார்ந்து பதிவு செய்த வில்லுப்பாட்டு, அறுபது நிமிடக் கேசட்டாகப் பதினெட்டு. டேப்ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், யுஎஸ்பி சவுண்ட் கார்டு, பிறகு ஒலியைப் பதிவு செய்யும் ஏரெக்கார்டு (arecord) கட்டளை. சிடி தரத்தில் (44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்) நிமிடத்துக்குப் பத்து எம்பிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அப்புறம் ஃப்ளாக் (FLAC) வடிவத்துக்கு மாற்றினால் ஒலி துளியும் குறையாமல் கோப்பு மட்டும் சுருங்கும்.

சினிமாப் பாட்டுக் கேசட் என்றால் எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) கருவியின் சைலன்ஸ்டிடெக்ட் (silencedetect) பாட்டுகளுக்கு நடுவே உள்ள நிசப்த இடைவெளிகளைக் காட்டிவிடும். வில்லுப்பாட்டில் அது செல்லாது. கதை சொல்லும்போதும் வில்லை அடிக்கும் வீசுகோல் ஓயாது, வில்மணி சிலம்பிக்கொண்டே இருக்கும். காப்பு (தொடக்கத்துக் கடவுள் வாழ்த்து) முடிவது எங்கே, கதை தொடங்குவது எங்கே என்று கேட்டுக் கேட்டு நேரம் குறித்து, ஃப்ளாக் ஆக்கும் முன், வேவ் (WAV) கோப்பாக இருக்கும்போதே வெட்டினேன்.

பெயர் போடும்போதும் இதே கதைதான். பீட்ஸ் (beets) நல்ல கருவி. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இணையத் தகவல் தொகுப்பில் தேடிப் பாடகர், ஆல்பம் எல்லாம் நிரப்பும். ஆனால் எங்கள் ஊர்க் கொடையில் பாடியவரை அதற்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரிப் பதிவுகளுக்குத் தானாகத் தேடுவதை நிறுத்திவிட்டு, ஃப்ளாக் கோப்பில் விவரம் எழுதும் மெட்டாஃப்ளாக் (metaflac) கருவியில் கையால் எழுதுங்கள். ஆச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் நான் எழுதினேன். ஒரு கோப்பில் புலவர் (குழுவின் முதன்மைப் பாடகர்) பெயரைப் போட்டதும் கையமர்த்தினாள். "இது அவுக குரல் இல்லல்லா, குடம் அடிக்கவரு பாடுதாரு." அந்தப் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்ல ஆள் இருந்தால், சர்வருக்கு முன்னால் இந்த வேலையைத் தொடங்குங்கள். எந்தக் கோயில், எந்த வருடக் கொடை என்பதை கமெண்ட் டேகில் (கோப்போடு சேரும் குறிப்பு விவரத்தில்) வைத்தேன். எம்பிடி அதை வழக்கமாகப் படிக்காது. அதன் கான்ஃபிக் கோப்பில், படிக்கவேண்டிய டேகுகளைச் சொல்லும் வரியில் (metadata_to_use) சேர்க்க வேண்டும்.

பாட்டை எஸ்டி கார்டில் வைக்காதீர்கள். ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்ததில் எங்கள் முதல் கார்டு படுத்துவிட்டது. கேசட்டுகள் கையில் இருந்ததால் தப்பித்தோம். இப்போது பாட்டெல்லாம் யுஎஸ்பி டிஸ்கில். தினமும் ராத்திரி பதினொன்றுக்கு கிரான் (cron, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது), நகலெடுக்கும் ஆர்சிங்கை (rsync) ஓட்டி இன்னொரு டிஸ்கில் நகல் எடுக்கிறது. மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டும் பார்த்துவிடுகிறேன்.