கேளுங்க, சொல்றேன்: ஒரு எஞ்சின் போனா பிளைட் விழுந்துடுமா?

பாகலூர்ல ரோஜா போடுற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: 2025 நவம்பர்ல அமெரிக்காவுல லூயிவில்ங்கிற ஊர்ல யுபிஎஸ்ங்கிற கம்பெனியோட சரக்கு பிளைட் கெளம்பின உடனே விழுந்துச்சே, அதுக்கு மூணு எஞ்சினாமே, ஒண்ணு போனா மிச்ச ரெண்டு இழுக்காதா? எங்க பூவும் பெங்களூரு போயி பிளைட்லதான் ஏறுது, அதனால மனசு கேக்கல.

இழுக்கும்ங்க. டேக் ஆஃப்ல ஒரு எஞ்சின் நின்னாலும் மிச்சத்தை வச்சு மேல ஏறணும், அப்படி ஏறும்னு காட்டினாத்தான் பிளைட்டுக்கு அனுமதியே. ஒரு பக்கம் இழுக்கும், பைலட் வால்ல இருக்கிற சுக்கானை மிதிச்சு நேர் பண்ணுவார், சிமுலேட்டர்ல இதைத்தான் திரும்பத் திரும்ப பழக்குவாங்க. ஆனா லூயிவில்ல எஞ்சின் நிக்கல, இடது றெக்கையில இருந்து எஞ்சினே அதைப் புடிச்சிருந்த பைலானோட பிச்சிகிட்டு போயிடுச்சு, றெக்கையில தீ, கடல் தாண்டி ஹவாய் தீவுல இருக்கிற ஹோனலுலு வரைக்கும் போறதுக்கான எரிபொருள் வேற உள்ள, தரையில இருந்து 30 அடிக்கு மேல அது ஏறவே இல்ல. உள்ள இருந்த 3 பேரும் போயிட்டாங்க, கீழ இருந்தவங்க பத்து பேருக்கு மேல போயிட்டாங்க.

பைலானை றெக்கையோட சேர்க்கிற இடத்துல பழைய விரிசல் இருந்துச்சுன்னு விசாரணை அதிகாரிங்க சொல்லியிருக்காங்க. கிருஷ்ணகிரி பட்டறையில ஒடஞ்ச ஸ்பிரிங் பிளேட்டை கையில எடுத்துப் பார்த்திருக்கேன், ஒடஞ்ச வாய்ல பாதி கறுத்து துரு ஏறி இருக்கும், பாதி பளபளன்னு புதுசா இருக்கும். கறுத்தது எப்பவோ விட்ட விரிசல், பளபளப்பு அன்னைக்கு ஒடஞ்சது. இரும்பு ஒரே நாள்ல ஒடையறதில்லைங்க, நாம பார்க்காம விட்ட நாளெல்லாம் சேர்ந்துதான் ஒடையுது. 1979ல சிகாகோவுல டிசி 10 விமானத்துக்கும் இதே மாதிரி இடது எஞ்சின் கழண்டுச்சு, 273 பேர் செத்தாங்க, எஞ்சினையும் பைலானையும் ஃபோர்க் லிஃப்ட் வச்சு ஒண்ணா கழட்டி மாட்டினதுல விட்ட விரிசல் அது. நேரம் மிச்சம் பண்ண போயி வந்த வினை, இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

தொப்பூர்ல இருந்து லாரி டிரைவர் ஒருத்தர்: எஞ்சின் போச்சுன்னு தெரிஞ்சா பிரேக் போட வேண்டியதுதானேங்க?

அண்ணே, உங்களுக்கு நான் சொல்லணுமா, தொப்பூர் கணவாய் எறக்கத்துல வேகம் எடுத்துட்ட லோடு வண்டியை எந்த பிரேக் நிறுத்தும்? இதுவும் அப்படித்தான். எடை, ரன்வே நீளம், வெயில் எல்லாம் பார்த்து ஒவ்வொரு தடவையும் ஒரு வேகம் கணக்கு போட்டு வச்சிருப்பாங்க, "வீ ஒன்"னு பேரு. அந்த வேகம் வந்ததும் பக்கத்துல இருக்கிற பைலட் "வீ ஒன்"னு சத்தமா சொல்லுவார், உடனே கேப்டன் எஞ்சின் லீவர்ல இருந்து கையை எடுத்துடுவார், கை அங்கயே இருந்தா பயத்துல இழுத்துடுவோம்னுதான். அதுக்கப்புறம் பிரேக் போட்டா ரன்வே பத்தாது, மேல போயித்தான் திரும்பி வரணும்.

திரும்பி வர்றதும் சும்மா இல்ல. 2021 ஜூலையில ஹோனலுலுவுல டிரான்ஸ்ஏர்ங்கிற கம்பெனியோட சரக்கு விமானம், ரெண்டு எஞ்சின்ல வலது பக்கம் கெட்டுப்போச்சு, பைலட்டுங்க இடதுதான் கெட்டுச்சுன்னு நெனச்சு நல்ல எஞ்சினை சும்மா வச்சுட்டு கெட்டதை நம்பி ஓட்டி ராத்திரியில கடல்ல எறக்கிட்டாங்க. நல்லவேளை ரெண்டு பேரும் பொழைச்சாங்க.

சூளகிரி வாசகி ஒருத்தர்: ஓசூருக்கு ஏர்போர்ட் வருதுன்னு சொல்றாங்க, பக்கத்துல இருக்கிறவங்க பயப்படணுமா?

பயம் வேணாம்மா, கேள்வி கேக்கணும். 2,000 ஏக்கர்ல ஏர்போர்ட்டுன்னு 2024ல அரசு அறிவிச்சது. 1992 அக்டோபர்ல ஆம்ஸ்டர்டாம்ல எல் அல்ங்கிற இஸ்ரேல் கம்பெனியோட சரக்கு விமானம் வலது றெக்கையோட ரெண்டு எஞ்சினையும் இழந்து அடுக்குமாடி வீடுங்க மேல விழுந்துச்சு, வீட்டுல இருந்தவங்க 39 பேர், விமானத்துல 4 பேர் போயிட்டாங்க. லூயிவில்ல செத்தவங்கள்லயும் கீழ இருந்தவங்கதான் ஜாஸ்தி. அதனால கருத்துக்கேட்பு கூட்டம் வெச்சா ரன்வே ரெண்டு முனைக்கும் நேரா இருக்கிற நிலத்துல என்ன வரப்போகுதுன்னு வரைபடத்தை விரிச்சு காட்டச் சொல்லுங்க, பள்ளிக்கூடம், பெட்ரோல் குடோன் இருந்தா எந்திரிச்சு கேளுங்க, பதிலை எழுத்துல வாங்குங்கம்மா.