அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அதிகம் வருவது வாழ்க்கைமுறையால்தானா?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சிறு சுரப்பி புராஸ்டேட். அதில் வரும் புற்றுநோயால் அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் இறக்கும் விகிதம் வெள்ளையரைவிட ஏறத்தாழ 2 மடங்கு. ஆபத்தைக் கூட்டும் சில மரபணு மாற்றங்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம். அதோடு தாமதமான பரிசோதனை, நல்ல சிகிச்சை எட்டாத நிலை. இந்த அநியாயத்தை விட்டுவிட்டு எல்லாப் பழியையும் சாப்பாட்டின் மேல் போடக் கூடாது.

சரி, பழக்கத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. இறக்கத்தில் போகும் சைக்கிள் மாதிரி: சரிவு நாம் போட்டதல்ல, பிரேக் ஓரளவு நம் கையில். புகைப்பதும் உடல் பருமனும் நோய் முற்றி உயிரைப் பறிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

அப்புறம், “சிறுநீர் தடையில்லாமல் போகிறது, எனக்கு ஒன்றுமில்லை” என்று பலர் நினைப்பது தவறு. தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது, அதனால்தான் கறுப்பின ஆண்களை 45 வயதிலேயே மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசச் சொல்கிறார்கள்.