24-24 ஆனதும் கை நடுங்குது, என்ன பண்றது? - வாசகர் கேள்வி பதில்

கே: காலேஜ் வாலிபால் டீம்ல ஆடறேன். ப்ராக்டிஸ்ல சர்வீஸ் பக்காவா விழுது. மேட்ச்ல 24-24னு செட் முடியற நேரத்துல ஸ்கோர் சமமா நின்னா கை நடுங்குது. ஒண்ணு நெட்ல அடிச்சுட்டா போதும், அடுத்த நாலஞ்சு பாயிண்டுக்கு மனசு அதுலயே நிக்குது, எதிர் டீம் சர்வீஸை எடுக்கறதும் சொதப்புது. கோச் "ஃபோகஸ் பண்ணு"ன்னு கத்தறார். எப்படிங்க பண்றது?

ப: தம்பி, உங்க கோச் சொல்றது சரிதான், ஆனா எது மேல ஃபோகஸ் பண்ணணும்னு சேர்த்து சொன்னாதான் அது உதவும். முழு மேட்ச்சும் மனசு ஒரே இடத்துல நிக்கறது யாருக்குமே நடக்காது, பெரிய ப்ளேயருக்கும் மனசு விலகத்தான் செய்யும், அவங்க அதை சீக்கிரமா திருப்பி கொண்டு வந்துடறாங்க, அவ்ளோதான் வித்தியாசம். அந்த திருப்பி கொண்டு வர்றத பழகலாம்.

நியூசிலாந்து ரக்பி டீம் ஆல் பிளாக்ஸ் 2007 வேர்ல்டு கப்ல கால் இறுதியிலயே பிரான்ஸ் கிட்ட 20-18னு தோத்து வெளிய வந்துச்சு. கப் அவங்களுக்குத்தான்னு பேசிட்டு இருந்த நேரம் அது. அதுக்கப்புறம் கெரி எவன்ஸ்னு ஒரு மனநல டாக்டரோட உட்கார்ந்து வேலை பார்த்தாங்க. பதட்டத்துல சூடேறி எதுவும் கண்ணுக்கு தெரியாத நிலைக்கு சிவப்பு தலை, நிதானமா அடுத்து என்னன்னு யோசிக்கற நிலைக்கு நீல தலைன்னு பேர் வச்சுகிட்டாங்க. சிவப்புல இருக்கோம்னு தெரிஞ்ச உடனே நீலத்துக்கு வர ஆளுக்கொரு சின்ன செய்கை. கேப்டன் ரிச்சி மெக்கா காலை தரையில அழுத்தி ஊன்றுவார், கீரன் ரீட் மைதானத்தோட தூரத்து ஓரத்தை பார்ப்பார். 2011 வேர்ல்டு கப் ஃபைனல்ல அதே பிரான்ஸ், ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசம், 8-7னு ஜெயிச்சாங்க. அந்த செய்கையாலதான் கப் வந்துச்சுன்னு நான் சொல்லல, ஆனா கடைசி நிமிஷம் வரைக்கும் தலை கலங்காம ஆடினாங்க பாருங்க, அதுதான் எனக்கு பெருசு.

இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். ரெஃப்ரி விசில் அடிச்சதுக்கப்புறம் சர்வீஸ் போட 8 செகண்ட் இருக்கு. பதட்டத்துல இருக்கறவன் விசில் கேட்ட உடனே அடிச்சு தொலைச்சுடலாம்னு அவசரப்படுவான். நீங்க அந்த 8 செகண்ட எடுத்துக்கோங்க. பந்தை தரையில தட்டுங்க, மூச்சை மெதுவா நீளமா வெளிய விடுங்க, எதிர் கோர்ட்ல எங்க போடப் போறீங்கன்னு ஒரு இடத்தை பார்த்துட்டு அடிங்க. மணிக்கட்டு எப்படி திரும்புது, பந்தை எவ்ளோ உயரம் தூக்கிப் போடறோம்னு அந்த நேரத்துல ஆராய்ச்சி பண்ணாதீங்க, ஏன்னா கை தானா செய்யற வேலைய நடுவுல யோசிச்சு செய்ய ஆரம்பிச்சா இருக்கறதும் கெட்டுப்போகும், இதை விளையாட்டு உளவியல் ஆராய்ச்சில திரும்பத் திரும்ப பார்த்திருக்காங்க. டெக்னிக்க சரி பண்ற இடம் ப்ராக்டிஸ்.

ப்ராக்டிஸ்னு சொன்னதும் ஒண்ணு, அங்க தப்பு பண்ணா சிரிச்சுட்டு அடுத்த பந்தை எடுக்கறீங்கள்ல, அப்படி விடாதீங்க. அங்கயும் இதே தட்டல், இதே மூச்சு. களைச்சுப்போன நேரத்துல 24-24னு ஸ்கோர் வச்சுகிட்டு சர்வீஸ் போட்டு பாருங்க. மேட்ச் அன்னிக்கு மட்டும் புதுசா செஞ்சா அது வராதுப்பா.

கே: ஹாக்கி டீம் கேப்டன் நான். லீட்ல இருப்போம், ஒரு கோல் வாங்கினதும் ஒருத்தரை ஒருத்தர் திட்ட ஆரம்பிச்சு மொத்தமா சரிஞ்சுடறோம்.

ப: 2024 பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதி, இந்தியா - பிரிட்டன் மேட்ச்ச முழுசா டீமோட உட்கார்ந்து பாருங்க. 17வது நிமிஷத்துல அமித் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. டிஃபென்ஸ்ல முக்கியமான ஆள், மீதி நாப்பது நிமிஷத்துக்கு மேல 10 பேர்தான். அந்த முடிவு நியாயமான்னு வெளிய எல்லாரும் சண்டை போட்டுட்டு இருந்தப்ப உள்ள இருந்தவங்க அவர் இடத்தை பிரிச்சு எடுத்துகிட்டாங்க, ஹர்மன்ப்ரீத் கோல் போட்டார், 1-1, அப்புறம் ஷூட் அவுட்ல 4-2. ஸ்ரீஜேஷ் கோல்ல நின்ன விதத்தை தனியா பாருங்க.

உங்க டீம்ல கோல் விழுந்ததும் "ஏன்டா விட்ட"ன்னுதான் முதல் சத்தம் வருதுன்னா அங்கயே பாதி மேட்ச் போச்சு. யார் விட்டாங்கன்னு விட்டவனுக்கே நல்லா தெரியும். அந்த இருபது முப்பது செகண்டுக்கு யார் பேசணும், என்ன பேசணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, ஒரு குரல்தான், அதுவும் அடுத்து செய்ய வேண்டிய வேலைய பத்தி மட்டும்: "லெஃப்ட்ல நீ இறங்கி நில்லு, முதல் பாஸ் பின்னாடி". திட்டறது நியாயமாவே இருந்தாலும் மேட்ச் முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்.

கே: மேட்ச்சுக்கு முன்னாடி பாட்டு கேக்கறது நல்லதா கெட்டதா?

ப: மந்தமா இருந்தா வேகமான பாட்டு, படபடப்பா இருந்தா மெதுவான பாட்டு. பக்கத்துல இருக்கறவனுக்கு ஒத்து வர்றது உங்களுக்கும் ஒத்து வரணும்னு இல்ல.

கே: என் பொண்ணுக்கு 14 வயசு, பாஸ்கெட்பால் ஆடறா. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னாடி வாந்தி, ராத்திரி தூக்கமில்ல. கோச் அவளுக்கு மனதைரியம் இல்லன்னு சொல்றார்.

ப: அம்மா, அந்த வார்த்தைய அவ காதுல இன்னொரு தடவை விழாம பார்த்துக்கோங்க, எனக்கு படிக்கும்போதே கஷ்டமா இருந்துச்சு. நெஞ்சு படபடக்கறது, கை வேர்க்கறது எல்லாம் உடம்பு ஆட்டத்துக்கு தயாராகறது, அதை பயம்னு நினைக்க வேண்டாம்னு அவகிட்ட சொல்லலாம். ஆனா ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தூக்கம் போய் வாந்தி வருதுன்னா அது அந்த அளவை தாண்டிடுச்சு, டாக்டரையோ உளவியல் நிபுணரையோ பார்த்துடுங்க. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்ல டீம் ஃபைனல் நடுவுல விலகினப்ப அவங்களையும் இப்படித்தான் நிறைய பேர் பேசினாங்க. 2024ல பாரிஸ்ல அதே டீம் ஃபைனல்ல தங்கம் வாங்கினாங்க. நடுவுல ஓய்வும் சிகிச்சையும் எடுத்துகிட்டாங்க.

வீட்டுக்கு திரும்பி வரும்போது அவளா பேசற வரைக்கும் மேட்ச் பத்தி ஒரு கேள்வியும் கேக்காதீங்க. அடுத்த மேட்ச்ல ஆடறதா வேணாமான்னு அவளையே முடிவு பண்ண விடுங்க, வேணாம்னு சொன்னா கோச்கிட்ட நீங்களே போய் பேசுங்க, அவளை அனுப்பாதீங்க.