முடக்குவாத ஊசிக்கு முன் டி.பி. பரிசோதனை எதற்கு?

கேள்வி: அம்மாவின் முடக்குவாதத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் போடுமுன் டி.பி. பரிசோதனை கேட்கிறார்கள். இருமலே இல்லையே?

பதில்: இருமல் இல்லாவிட்டாலும் அவசியம். மூட்டுச் சவ்வில் மற்ற அழற்சிப் புரதங்களையும் கிளப்பிவிடுவது டி.என்.எஃப். என்ற புரதமே என்று லண்டன் கென்னடி நிறுவனத்தில் கண்டவர்கள் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி (மைனி நம் லூதியானாவில் பிறந்தவர்). அதைத் தடுக்கும் இந்த இன்ஃப்ளிக்ஸிமாபை 1992-ல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது. ஆனால், நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியை வளைத்து அடைத்துவைப்பதிலும் டி.என்.எஃப்.புக்குப் பெரும் பங்குண்டு. டி.என்.எஃப்.பைத் தடுத்தால் அந்த வேலி தளர்ந்து, கிருமி விழித்துவிடலாம்.

அதனால்தான் மான்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை, கூடவே மார்பு எக்ஸ்ரே. கிருமி தெரிந்தால், பொதுவாக ஒரு மாதமாவது தடுப்பு மாத்திரை, பிறகே ஊசி. வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 3 மி.கி.: முதல் நாள், 2, 6-ஆம் வாரம், பின்பு 8 வாரத்துக்கொருமுறை. ஊசியுடன் சேர்த்துக் கொடுக்கும் முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஊசிமருந்துக்கு எதிராகவே உடலில் எதிர்ப்புரதம் உருவாகி, பலன் குறையலாம்.