அலுவலகத்தில் குளிக்க இடமில்லை, சைக்கிளை விட மனமில்லை

சைக்கிளில் வேலைக்குப் போகும் வாசகர்கள் எழுதியிருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி வியர்வையைப் பற்றித்தான். அவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு சைக்கிளில் போகிறேன். 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அலுவலகத்தில் வாஷ்பேசினும் டாய்லெட்டும்தான் உண்டு. போனதும் முகம் கை கழுவி, துடைத்து, சட்டை மாற்றிவிடுகிறேன். பத்தே நிமிடத்தில் புதுச் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. எங்கே தப்பு?
வாசகர், குரோம்பேட்டை

‘போனதும்’ மாற்றுவதுதான் தப்பு. ஓட்டும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே வருகிறது. சைக்கிளை நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். உடம்புக்குள் சேர்ந்த சூடு அப்படியே இருக்கும். அதனால்தான் ரோட்டில் தெரியாத வியர்வை லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது ஊற்றுகிறது. இது அடங்கப் பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் வரை ஆகும். சென்னையில் காலை நேரத்தில் வெயில் குறைவாக இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம், ஆகவே இருபது நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் என்ன துடைத்தாலும் வீண்.

சூடு சேர்வதை ரோட்டிலேயே குறைக்கலாம். நாம் மிதிக்கச் செலவழிக்கும் சக்தியில் கால்வாசிக்கு மேல் பெடலுக்குப் போவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிளை சமதரையில் மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஓட்ட ஏறக்குறைய 65 வாட் போதும். 24 கி.மீ. என்றால் 150 வாட் பக்கம் போய்விடும். வேகம் இரட்டித்தால் காற்றைப் பிளக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு என்பதுதான் காரணம். உடம்பில் கிளம்பும் சூடும் அதே கணக்கில் ஏறும். மெதுவாகப் போவதால் உங்கள் தூரத்துக்குக் கூடுவது 12, 13 நிமிடம். அந்த நிமிடங்களை ரோட்டில் கொடுக்காவிட்டால் பாத்ரூமில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பச்சை விழுந்ததும் பைக்குகளோடு போட்டி போட்டுக் கிளம்புவதுதான் அதிகம் வியர்க்க வைக்கும். சிக்னலுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டு நிதானமாக நகருங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை உலாவுகிற மாதிரி ஓட்டுங்கள். டயரில் காற்று குறைந்தாலும் வீணாக மிதிக்க வேண்டிவரும், வாரம் ஒரு தடவை அடித்துவிடுங்கள்.

வந்து சேர்ந்ததும் ஹெல்மெட், ஷூ, சாக்ஸ் மூன்றையும் கழற்றுங்கள். ஓட்டிவந்த டி-ஷர்ட்டோடேயே ஃபேன் காற்று நேராக மேலே படுகிற இடத்தில் உட்காருங்கள். ஏ.சி. இருந்தால் நல்லது, ஆனால் காற்று ஓட்டம் இல்லாத ஏ.சி.யை விட ஓடுகிற ஃபேன் மேல். இரண்டு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். பிறகு வாஷ்பேசின் குழாயடியில் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள், பிடரியில் நனைத்த கைக்குட்டையைப் போடுங்கள். கைகளில் ரத்தம் தோலுக்கு வெகு அருகே ஓடுவதால் உடம்புச் சூடு அந்த வழியாகச் சீக்கிரம் இறங்கும். கத்திரி வெயில் நாட்களில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும். அப்போது கேன் தண்ணீர்தான் கதி.

வியர்வை நின்ற பிறகு துடைப்பு. இதற்கு ஈரிழைத் துண்டை மிஞ்சியது இல்லை. நன்றாகப் பிழியவரும், ஃபேனடியில் சீக்கிரம் காய்ந்துவிடும். தடித்த டர்க்கி டவல் சாயங்காலம் வரை ஈரமாகவே இருந்து நாறும். துண்டை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள், ஒன்று நனைக்க, ஒன்று உலர்த்த. ஒரு மக் தண்ணீர் எடுத்துக்கொண்டு டாய்லெட்டுக்குள் போங்கள். முகம், காதுக்குப் பின்னால், கழுத்து, மார்பு, கைகள் என்று மேலிருந்து கீழே வாருங்கள். முதுகுக்குத் துண்டைக் குறுக்காகப் போட்டு இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் போதும். ஒவ்வொரு இடத்துக்கும் துண்டின் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் உப்பை இடம் மாற்றித் தடவுகிற கதையாகும். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். அதுவும் துண்டின் ஒரு மூலையில் துளி. சோப்புப் போட்ட இடத்தை வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைத்தெடுக்காவிட்டால் மத்தியானம் அரிக்கும். உலர்ந்த துண்டால் ஒற்றியெடுத்து, இரண்டு நிமிடம் காற்றாட நின்று, அப்புறம் பனியன், சட்டை. உள்ளாடையை மாற்றாமல் மேல்சட்டையை மட்டும் மாற்றுவது செய்யாததற்குச் சமம்.

எப்படியும் வியர்க்கத்தான் போகிறது. காலையில் குளிக்காமல் கிளம்பி, சாயங்காலம் வந்து குளித்தால் போதாதா?
வாசகர், அம்பத்தூர்

போதாது. புது வியர்வையில் தண்ணீரும் உப்பும்தான் பிரதானம், அதற்குத் தனியாக நாற்றம் கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் வேறு வகைச் சுரப்பிகள் கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்து சுரக்கின்றன. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் கிளம்புகிறது. கிளம்புவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளித்தால் பாக்டீரியா குறைந்திருக்கும், அதற்கு மேல் வரும் வியர்வையை ஈரத்துணியாலேயே சமாளித்துவிடலாம். ராத்திரி வியர்வையோடு கிளம்பினால் அலுவலகத்தில் எந்தத் துடைப்பும் எடுபடாது. வெந்நீரில் குளித்துவிட்டு அந்தச் சூட்டோடேயே சைக்கிளில் ஏறாதீர்கள். நேற்று போட்ட டி-ஷர்ட்டைக் காயவைத்து இன்றும் போடுகிறவர்கள் குளித்தும் பயனில்லை.

ஸ்ப்ரே எவ்வளவு அடித்தாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்குள் நாற்றம் வந்துவிடுகிறது. எந்த ஸ்ப்ரே நல்லது?
வாசகர், திருச்சி

முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். வாசனை மட்டும் இருந்தால் அது டியோடரண்ட், நாற்றத்தை மூடுமே தவிர வியர்வையைத் தொடாது. அலுமினியம் என்று தொடங்கும் உப்பு ஏதாவது போட்டிருந்தால் அது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். இந்த உப்பு வியர்வைத் துளைகளின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும். இதைக் காலையில் அவசரமாக அடித்துக்கொள்வதில் பாதி பலன் போய்விடுகிறது. வியர்க்கிற தோலில் ஒட்டாமல் கரைந்து வழிந்துவிடும். இரவு படுக்கப்போகும் முன் நன்றாக உலர்ந்த அக்குளில் போடுங்கள். காலையில் குளித்தாலும் அதன் வேலை நடக்கும். மழித்த அன்றைக்கு மட்டும் வேண்டாம், எரியும்.

பணம் செலவழிக்க மனமில்லாதவர்களுக்குப் படிகாரக் கல் இருக்கிறது. சலூனில் ஷேவிங் முடிந்ததும் தடவுவார்களே, அதேதான். துடைத்த அக்குளில் கல்லை நனைத்து மூன்று நான்கு தரம் தேய்த்துக் காயவிடுங்கள். வியர்வையை அவ்வளவாக நிறுத்தாது, பாக்டீரியாவை அடக்கும்.

இதெல்லாம் செய்தும் நாறினால் சந்தேகம் சட்டையின் மேல் போக வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி அக்குள் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அலமாரியில் வாசனையாக இருக்கும், உடம்புச் சூடு பட்டதும் பழைய நாற்றம் எழும்பும். அரை வாளித் தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினிகர் ஊற்றி அரைமணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கம்போல் சோப்புத்தூளில் துவைத்து, உட்புறம் வெளியே தெரிய வெயிலில் காயப்போடுங்கள். வினிகரோடு ப்ளீச் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும். ஓட்டும் உடுப்புக்கு கம்ஃபர்ட் மாதிரியான கடைசி அலசல் திரவங்கள் வேண்டாம். இழைகளின் மேல் படிந்து வியர்வை உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

ஓட்டும்போது பேன்ட், டி-ஷர்ட். அலுவலகத்தில் சேலை அல்லது சுடிதார். ஹெல்மெட்டால் தலைமுடி படிந்து, பிடரியில் ஈரமாகிவிடுகிறது. சேலையும் கசங்குகிறது. என்ன செய்யலாம்?
வாசகி, சரவணம்பட்டி, கோயம்புத்தூர்

முடியைப் பிடரிக்குக் கீழே தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது, விழுந்தால் தலையைக் காப்பாற்றவும் செய்யாது. உள்ளே மெல்லிய பருத்தி ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டால் வியர்வையை அது உறிஞ்சிக்கொள்ளும், முடி அவ்வளவாகப் படியாது. ஓட்டும் நாளில் காலையில் எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெயும் ரோட்டுப் புழுதியும் வியர்வையும் சேர்ந்தால் தலைக்குக் குளித்தால்தான் போகும். அலுவலகம் போனதும் பின்னலை அவிழ்த்து, குனிந்து, வேர்க்கால்களில் ஃபேன் காற்றுப் படும்படி ஐந்து நிமிடம் உலர்த்துங்கள். ஈரமாகவே திரும்பப் பின்னினால் சிக்குவாடை நிச்சயம். ஹெல்மெட்டின் உள் பஞ்சுகள் பெரும்பாலும் பிய்த்தெடுக்க வரும்படிதான் ஒட்டியிருக்கும், வாரம் ஒரு முறை ஷாம்பூத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

சேலையை மடித்துப் பையில் வைப்பதை விட, நீளவாக்கில் மடித்து, பழைய செய்தித்தாள் சுருளின் மேல் சுற்றிக்கொண்டு போனால் கசங்காது. க்ரேப், ஜார்ஜெட் எப்படி வைத்தாலும் தாங்கும். கஞ்சி போட்ட காட்டன் சேலைக்கு சைக்கிள் ஆகாது, அதை அலுவலக மேஜை இழுப்பறையிலேயே ஒன்றிரண்டு வைத்துவிடுங்கள். செருப்பும் அங்கேயே இருக்கட்டும். ரவிக்கையோடு உள்ளாடையையும் மாற்றியே ஆக வேண்டும். ஈர எலாஸ்டிக் நாள் முழுக்க அழுத்தினால் அந்தக் கோட்டில் வேர்க்குருவும் அரிப்பும் வரும். சுடிதாரிலேயே ஓட்டும் நாட்களில் துப்பட்டாவைப் பைக்குள் போட்டுவிடுங்கள், சக்கரத்தில் சுற்றினால் ஆளையே கவிழ்த்துவிடும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் ஊரில் வியர்வையைப் பாதி உலர்த்திவிடும். சென்னைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தொடையிடுக்கில் வட்ட வட்டமாக அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த க்ரீமைப் போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது.
பெயர் வேண்டாம், மதுரை

பெரும்பாலும் இது படர்தாமரை. ட்யூபின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். சிவப்பையும் அரிப்பையும் அடக்கிக் காட்டும், அடியில் பூஞ்சை சுகமாகப் பரவும். தொடர்ந்து போட்டால் அந்த இடத்துத் தோல் மெலிந்து வரி விழுந்துவிடும். இனி கடையில் கேட்டு வாங்காதீர்கள். தோல் மருத்துவரிடம் அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். சிகிச்சை வாரக்கணக்கில் போகும், அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான். அதுவரை தொடையிடுக்குக்குத் தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாரோடும் துண்டைப் பகிராதீர்கள், உள்ளாடையைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

வட்டம் இல்லாமல், இரண்டு தொடையும் உரசும் இடத்தில் மட்டும் சிவந்து எரிந்தால் அது வெறும் உராய்வு. ஓட்டுவதற்கு முன் அங்கே வாசலின் தடவினால் சரியாகிவிடும். சீட் அளவுக்கு மேல் உயரமாக இருந்தாலும் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி உரசும்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கிற உயரம்தான் சரி. தொடை சேரும் இடத்தில் தடித்த தையல் உள்ள ஜீன்ஸை ஓட்டும்போது தவிர்த்துவிடுங்கள்.

ஈரத் துணியைக் கவரில் போட்டு வைத்தால் சாயங்காலம் பையே நாறுகிறது.
வாசகர், வேளச்சேரி

பாலிதீன் கவர்தான் குற்றவாளி. டி-ஷர்ட்டை வெறும் தண்ணீரில் ஒரு அலசு அலசி, ஈரிழைத் துண்டில் வைத்துச் சுருட்டி முறுக்குங்கள். பாதி ஈரம் துண்டுக்கு வந்துவிடும். பிறகு சைக்கிள் நிறுத்தும் இடத்திலேயே ஹேண்டில்பாரில் க்ளிப் போட்டு மாட்டிவிடுங்கள். நிழலும் காற்றும் உள்ள இடம், கேட்பாரும் இல்லை. ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். முதுகுப் பையையும் விட்டுவிடுங்கள். வியர்வை அதிகம் உலரக்கூடிய இடத்தையே அது மூடிவிடுகிறது. கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பை ஒன்று மாட்டினால் சட்டை முதுகு பாதி காய்ந்தே வந்துசேரும்.

பவுடர் போடலாமா? வெட் டிஷ்யூ எப்படி?
வாசகர், புதுச்சேரி

காய்ந்த தோலில் பவுடர் பரவாயில்லை, ஈரத்தில் போட்டால் மடிப்புகளில் மாவாகத் திரண்டு உறுத்தும். வெட் டிஷ்யூ அவசரத்துக்கு மட்டும். முழு உடம்புக்கு நான்கைந்து வேண்டும், பிசுபிசுப்பும் வாசனையும் மிஞ்சும். டாய்லெட் கோப்பைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

நான் டாய்லெட்டை ஈரமாக்குகிறேன் என்று அலுவலகத்தில் புகார். உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது தப்பா?
வாசகர், ஓசூர்

புகாரில் நியாயம் இருக்கிறது. ஷூவோடு வருகிறவர் வழுக்கி விழுவார். தண்ணீரை உடம்பில் ஊற்றாமல் துணியை நனைத்துத் துடைத்தால் தரையில் சொட்டே விழாது. விழுந்தால் வைப்பரால் தள்ளிவிட்டு வெளியே வாருங்கள். எல்லோரும் வருவதற்கு அரைமணி முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் பாதித் தகராறு தானாகவே தீரும். துப்புரவுப் பணியாளரிடம் அவர் எத்தனை மணிக்குக் கழுவுகிறார் என்று கேட்டு, அதற்கு முன்பாகவே உங்கள் துடைப்பை முடித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி சைக்கிள் வாங்கினால் வியர்க்காதா?
வாசகர், சேலம்

குறையும், நிற்காது. வெயில் வெயில்தானே. 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ.க்கு மிகாத வேகமும் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பதிவெண், லைசென்ஸ் தொல்லை இல்லை. மேம்பாலம் ஏறும்போதும் சிக்னலில் கிளம்பும்போதும்தான் உடம்பு அதிகம் சூடாகும். அந்த இடங்களில் மோட்டாரை முழுதாக உபயோகியுங்கள், சமதரையில் குறைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சி போய்விடுமே என்று கவலைப்பட்டால், வீடு திரும்பும்போது மோட்டாரை அணைத்துவிட்டு வேண்டிய மட்டும் மிதியுங்கள். வீட்டில்தான் குளிக்க இடமிருக்கிறதே.