புரோகிராமிங்ல வர்ற பாயின்டர், அரே, ஸ்லைஸ் மூணும் ஒண்ணுதானா?

இல்ல. அரேன்னா ஒரே வகை டேட்டா மெமரில இடைவெளி இல்லாம வரிசையா இருக்கது, குலசேகரம் பக்கம் தோட்டத்துல ஒரே வரிசைல நிக்க 10 ரப்பர் மரம்னு வச்சுக்கோங்க. பாயின்டர் மரம் கிடையாது, மரம் எங்க நிக்குன்னு எழுதுன துண்டுச்சீட்டு, ஆனா எத்தனை மரம்னு அதுல இருக்காது, அதனாலதான் சி மொழில அரேய ஃபங்ஷனுக்கு (ஒரு வேலைய செய்யுற கோட் துண்டுக்கு) அனுப்புனா நீளத்தையும் தனியா அனுப்பணும், மறந்தா பக்கத்துக்காரன் மரத்துலயும் பால் வெட்டிட்டு வந்துருவோம் (நானும் வெட்டிருக்கேன்!). ஸ்லைஸ்ல இடம், எண்ணிக்கை ரெண்டும் உண்டு, "5-வது மரத்துலேருந்து 3 மரம்". எல்லை தாண்டுனா ரஸ்ட், கோ ரெண்டு மொழியும் புரோகிராமையே நிறுத்திரும்.

இந்த ரெண்டு மொழிலயும் ஸ்லைஸ்னா காப்பின்னு நிறைய பேர் நினைக்காங்க, இல்ல, அந்த 3 மரத்துல கத்தி வச்சா சிரட்டைல வடியுறது அதே தோட்டத்து மரத்துப் பால்தான்.