பையனுக்கு ஆட்டிசம், எங்கள் எச்சில் எதற்கு?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம். மரபணு ஆராய்ச்சி என்று ஒரு குழு வந்து, எங்கள் இருவரிடமும் பத்து மாதப் பெண் குழந்தையிடமும்கூட எச்சில் கேட்கிறது. நான் கட்டியிருப்பது அத்தை மகனை. “யார் பக்கத்துக் கோளாறு என்று தெரிந்துவிடும்” என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். இலை எடை போடும்போது சாக்கின் எடையைக் கழிக்கிறோம் இல்லையா, அதே கணக்குதான் இது. ஒவ்வொருவர் மரபணுத் தொகுதியிலும் லட்சக்கணக்கான வேறுபாடுகள் உண்டு. பையனுடையதை மட்டும் படித்தால் எது முக்கியம், எது சும்மா கிடக்கிறது என்று தெரியாது. உங்கள் இருவரிடமும் உள்ளதைக் கழித்தால், அவனிடம் புதிதாகத் தோன்றிய அறுபது எழுபது மாற்றங்கள் மிஞ்சும். புது மாற்றங்கள் இல்லாத மனிதரே கிடையாது. அதில் ஒன்று, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சிஎச்டி8 மாதிரியான மரபணுவைக் கெடுத்திருந்தால், காரணம் அதுவாக இருக்கலாம். இரு வீட்டுப் பெரியவர்களிடமும் தேடினாலும் அது கிடைக்காது. அமெரிக்காவில் சைமன்ஸ் அறக்கட்டளை சுமார் 2,600 குடும்பங்களை இப்படிச் சேர்த்துத்தான் பல மரபணுக்கள் பிடிபட்டன. ஆட்டிசம் இல்லாத உடன்பிறப்புகளின் மாதிரியும் ஒப்பிட்டுப் பார்க்க அதில் உதவியது.

சொந்தத்தில் கட்டியதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பழுது இருவருக்கும் வந்து, பிள்ளையிடம் ஜோடி சேர்ந்திருக்கவும் கூடும். அதைத் தனியாகத் தேடுவார்கள். (உங்கள் மாமியார் உங்கள் அப்பாவோடு பிறந்தவர்தானே? அப்புறம் எந்தப் பக்கத்தைப் பிரிக்கப் போகிறார்!)

கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா, பாதியில் விலகலாமா? ஆராய்ச்சியில் பல சமயம் தனித்தனி முடிவு கையில் வராது. வந்தாலும் ‘பொருள் தெளிவில்லை’ என்றே இருக்கலாம். அதற்காகப் பேச்சுப் பயிற்சியை ஒரு வாரம்கூட நிறுத்தி வைக்காதீர்கள்.

சின்னவளைக் கவனியுங்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தால், பின்னால் பிறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது வருகிறது. பெண் குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரு வயது முடிந்தும் பெயர் சொன்னால் திரும்பவில்லை என்றால் உடனே காட்டுங்கள்.

சரி, எச்சில் கொடுக்கும் நாளில் அரை மணி நேரம் முன்பிருந்து டீ, தண்ணீர் எதுவும் கூடாது, பாப்பாவுக்குத் தாய்ப்பாலும்தான். குழாயில் கோடு வரை துப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது. துப்பத் தெரியாத பிள்ளைகளுக்குக் கன்னத்துக்குள் வைத்து ஒற்றி எடுக்கும் பஞ்சுக் குச்சி கேளுங்கள். பையன் வாயைத் தொடவிடமாட்டான் என்றால், முதல் நாளே ஒன்றை வாங்கி வைத்து விளையாடவிடுங்கள்.